மூன்று பேர் கையெழுத்துக்கு ஒரு படிவம்

ஒன்றிய வணிகம் மற்றும் தொழில் துறை அமைச்சர் அவர்களுக்கும், ஒன்றிய தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். வணிகத் துறைக்கு எழுதினால் 'தொழிலாளர் நலன் எங்கள் பொருளில் வராது, உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வரும். தொழிலாளர் துறைக்கு எழுதினால் 'இறக்குமதி எங்கள் பொருளில் வராது' என்று வரும். இரண்டு பதிலும் சரியாகத்தான் இருக்கும். நான் சொல்ல வருகிற ஆட்கள், லைட்டர் இறக்குமதியால் தீப்பெட்டி வேலை போனவர்கள், அந்த இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் விழுந்தவர்கள்.

நான் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் 26 வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸ்தான். தகரக் கொட்டகை, நாலு பக்கமும் கரிசல் காடு, வாசலில் ஒரு வேப்பமரம், அதுதான் ஆபீஸ். 'பொண்ணு ஆபீஸ் போறா' என்று சொல்லி வெளியூர் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கதையெல்லாம் உண்டு. அது இப்போது வேண்டாம்.

1996-ல் வேலைக்குச் சேர்ந்தேன். 2022 ஆவணியில் மூடினோம். கடைசி நாள் 63 பேருக்குக் கூலி எண்ணிக் கொடுத்தது நான்தான். முதலாளி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார், வெளியே வரவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் மனைவியின் நகை அதற்கு முந்தைய வருஷமே வங்கியில் இருந்தது.

மருந்து முக்குவதற்கு முன்னால் குச்சிகளை வரிசையாக நிறுத்திப் பிடிக்கிற சாதனத்துக்குக் கட்டை என்று பெயர். பள்ளம் பள்ளமாக வெட்டிய மரச் சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். ஒரு சட்டத்தை வைத்து, குச்சியை ஒரு கை அள்ளி அதன்மேல் பரப்பி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவ வேண்டும். பள்ளத்துக்கு ஒரு குச்சி உட்கார வேண்டும். இரண்டு உட்கார்ந்தால் மருந்து ஒட்டிக்கொள்ளும். உட்காராவிட்டால் அந்த இடம் ஓட்டை. உட்காராததை விரல் நுனியால் தட்டிவிட்டு அடுத்த சட்டம். புதுப் பெண் ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற கட்டையை, பழகியவள் மகளின் மாமியாரைத் திட்டிக்கொண்டே சில நிமிஷங்களில் முடித்துவிடுவாள். கண் கட்டையில் இருக்காது. கைதான் பார்க்கும். எங்கள் ஆபீஸில் ஒரு மதினி இருந்தார், 30 வருஷமாக அடுக்கியவர். அவருக்கு வலது உள்ளங்கையில் ரேகையே கிடையாது. ஆதார் எடுக்கப் போனபோது கட்டைவிரல் பதியவில்லை என்று மூன்று தடவை அலையவிட்டார்கள். பிறகு கண்ணைப் படம் எடுத்து ஒருவழியாக முடித்தார்கள்.

இந்த வேலை எங்கள் மண்ணுக்கு ஏன் வந்தது என்பதும் தெரிந்த கதைதான். மானாவாரி பூமி, மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். விளைச்சலைக் கெடுத்த அதே வறண்ட காற்று தீக்குச்சியைக் காயவைக்க உதவியது. அப்படியே சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், அந்தப் பக்கம் குடியாத்தம் வரைக்கும் பரவியது.

சரி, லைட்டருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் டீக்கடையில் முன்பு ஒரு தீப்பெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும். யாரும் கேட்காமல் எடுத்துப் பற்றவைத்துவிட்டு, அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். கடைக்காரர் நாளைக்கு ஒரு பெட்டி புதிதாக வைப்பார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் லைட்டரைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். சீனாவிலிருந்து வந்தது. 10 ரூபாய். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் வேன் ஏறுவார்கள். ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, பொய் சொல்லக் கூடாது. மழைக்காலத்துல நம்ம பெட்டி நமுத்துப்போகுது. அது ஒரு அமுக்குல பத்திக்கிடுது." அவள் சொன்னது நியாயம்தான். நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். சாமி விளக்குக்கு மட்டும் தீக்குச்சி.

2022 செப்டம்பரில், ஏறக்குறைய நாங்கள் மூடிய அதே சமயத்தில், தமிழ்நாட்டு முதலமைச்சர் ஒன்றிய நிதி அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். தென் மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், நேரடியாக இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்றும், 10 ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றும் அதில் இருந்தது. கணக்குப்பிள்ளை புத்தி, உடனே பெருக்கிப் பார்த்தேன். 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான், 14 வருஷத்துக்கு அப்புறம், பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. 36 குச்சி இருந்த பெட்டியில் 50 குச்சி வைக்க ஆரம்பித்தோம். அப்படியானால் 20 பெட்டி என்பது 40 ரூபாய், 1,000 குச்சி. எதிரே 10 ரூபாய் லைட்டர். ஆயிரம் தடவை பற்றவைப்பதை 10 ரூபாய்க்கு விற்கிறவனோடு எந்தக் கொட்டகை போட்டி போடும்?

2023 ஜூன் கடைசியில் உங்கள் வணிகத் துறை, 20 ரூபாய்க்குக் குறைந்த விலையில் வருகிற சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. முழு லைட்டரைத் தடுத்தால் உதிரிப் பாகமாக வந்து இங்கே சேர்ந்துகொண்டது. 2024 அக்டோபரில் உதிரிப் பாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. இரண்டுக்கும் நன்றி. உண்மையாகவே சொல்கிறேன், எங்கள் பக்கம் மிச்சமிருந்த ஆபீஸ்கள் மூச்சுவிட்டது அதனால்தான். சங்கத்துக்காரர்கள் பொன்னாடை போர்த்தினார்கள், இனிப்பு கொடுத்தார்கள். (கோவில்பட்டியில் இனிப்பு என்றால் கடலைமிட்டாய்.)

ஆனால் அந்தத் தடை பெட்டியைக் காப்பாற்றியது. 2022-லேயே வேலை போன 63 பேருக்கு அதில் என்ன இருக்கிறது? மூடிய கொட்டகை தடை வந்ததும் திறந்துகொள்ளாது. எங்கள் கொட்டகையில் இப்போது ஒருவர் உரமூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். ஒரு பொருளின் இறக்குமதியைத் திறந்துவிடுவதற்கும் மூடுவதற்கும் இடையில் சில வருஷங்கள் போகின்றன. அந்த இடைவெளியில் போனவர்கள் யார், எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று எந்தத் துறையும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு படிவம்கூட இல்லை. நான் கேட்பது அந்தப் படிவத்தைத்தான்.

லைட்டர் மட்டும்தான் காரணமா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. ஒளிக்க ஒன்றுமில்லை. தானியங்கி மெஷின் வைத்த பெரிய ஆபீஸ்கள் எங்களைப் போன்ற கையால் செய்கிறவர்களை ஒரு பக்கம் தள்ளின. 2015 ஏப்ரலில் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசி 20 பொருட்களின் ஒதுக்கீட்டை எடுத்தபோது தீப்பெட்டியும் அதில் போனது. கையால் செய்த பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின் பெட்டிக்கு 18 சதவீதம் என்று இருந்த ஜிஎஸ்டி 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஒன்றானது. மெழுகு விலை, பொட்டாசியம் குளோரேட் விலை, அட்டை விலை எல்லாம் ஏறின. ஊரடங்கு வேறு. அடுப்பில் விறகு போய் கேஸ் வந்தது; கேஸுக்கு ஒரு தட்டு லைட்டர். ஒரு மாட்டைப் பல ஈ மொய்த்தால் எந்த ஈ கடித்துப் புண்ணானது என்று கேட்டு என்ன பயன்?

இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே ஒரு பெரிய நாட்டின் திட்டம் 7 வருஷம் முடங்கிக் கிடந்தது. அமெரிக்காவில் 1962-ல், கென்னடி காலத்தில், இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவி என்று ஒரு சட்டம் போட்டார்கள். வரியைக் குறைப்பதால் நாட்டுக்கு லாபம், ஆனால் அந்த லாபத்துக்கு ஒரு சில ஊர்கள்தான் விலை கொடுக்கின்றன, அதை ஈடுகட்டுவது அரசின் கடமை என்பது அதன் கருத்து. கருத்து நல்லதுதான். நிபந்தனையை மட்டும் இறுக்கிப் போட்டுவிட்டார்கள். வரிக் குறைப்புதான் பிரதான காரணம் என்று நிரூபித்தால்தான் உதவி. விளைவு, 1969 வரைக்கும் ஒரு தொழிலாளியின் மனுகூட ஏற்கப்படவில்லை. 1974-ல் சட்டத்தை மாற்றி, இறக்குமதிக்கு முக்கியப் பங்கு இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் கார் தொழிற்சாலை, நெசவாலை ஆட்களுக்கெல்லாம் பணம் போய்ச் சேர்ந்தது.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு விதி உண்டு. ஒரே இடத்தில் வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மனு. முதலாளி கையெழுத்து வேண்டாம். சங்கம் வேண்டாம். மூன்று பேர் போதும். பிறகு விசாரிப்பது அரசின் வேலை.

நம் ஊரில் எப்படி? இறக்குமதிப் பொருள் குவிந்து தொழில் பாதிக்கப்படுகிறது என்று உங்கள் துறையில் மனுப்போட்டால் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடுவதற்கு விசாரணை நடக்கும். அந்த மனுவைப் போடுகிறவர்கள் உற்பத்தியாளர்கள். வக்கீல் வைக்க வேண்டும், விற்பனை, லாபம், இருப்பு என்று வருஷக் கணக்கில் கட்டுக்கட்டாகக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் 'வேலைவாய்ப்பு' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் எங்கள் மதினி. தடுப்பு வரி போட்டால் பணம் கருவூலத்துக்குப் போகும், விலை பாதுகாப்பு முதலாளிக்குப் போகும். அந்த ஒரு வரிக்குச் சொந்தக்காரிக்கு எதுவும் போகாது.

அமெரிக்கத் திட்டத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆட நான் வரவில்லை. நாடாளுமன்றம் நீட்டிக்காமல் விட்டதால் 2022 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து அங்கேயும் புது மனுக்களுக்குச் சான்று கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 60 வருஷம் ஓடிய திட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் ஒரு நிதி இருக்கிறது. அதில் இப்போது குறைந்தது 200 பேர் வேலை இழந்திருந்தால்தான் பொதுவாக விண்ணப்பிக்க முடியும். எங்கள் கொட்டகையில் மொத்தமே 63 பேர். பக்கத்தில் இருந்ததில் 40. அப்படிப் பார்த்தால் ஊர் ஊராக மூடினாலும் எந்த ஊரும் கணக்கில் வராது.

வெளிநாடு எதற்கு, நம்மிடமே இருந்தது. 1986-ல் ஒன்றிய அரசு பஞ்சாலைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியது. தனியார் பஞ்சாலை நிரந்தரமாக மூடப்பட்டால் தொழிலாளிக்கு முதல் வருஷம் கூலியில் 75 சதவீதம், இரண்டாம் வருஷம் 50, மூன்றாம் வருஷம் 25. யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து நன்றாக யோசித்திருக்கிறார். வேலை போனவன் ஒரே நாளில் எழுந்து நிற்க மாட்டான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கையை விட வேண்டும் என்று குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி எழுதியிருக்கிறார். 2017-ல் அதை ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டின் வேலையில்லாதோர் உதவித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது ஈஎஸ்ஐ காப்பீடு உள்ளவர்களுக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, 90 நாளைக்கு, சராசரிக் கூலியில் பாதி கிடைக்கிற திட்டம் இருக்கிறது. மூன்று வருஷம் மூன்று மாதமாகச் சுருங்கியது. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுபயிற்சி நிதி என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்பு செய்கிற முதலாளி ஆளுக்கு 15 நாள் கூலி அதில் கட்ட வேண்டும். 15 நாளில் தையல் மெஷினில் நூல் கோக்கப் பழகலாம்.

இந்தத் திட்டங்களையெல்லாம் படிக்கும்போது எனக்குள் ஒன்று குத்துகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இந்த மடலுக்கு மரியாதை இல்லை.

எங்கள் ஆபீஸில் இரண்டு நோட்டு இருந்தது. பெரிய நோட்டு, சின்ன நோட்டு. பெரிய நோட்டில் எப்போதும் 19 பேர். 20 பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்துவிடும் என்பதால் 19-ஐத் தாண்ட மாட்டோம். ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் இன்னொருத்தியின் பெயர் அந்த இடத்துக்கு வரும். மற்ற 44 பேரும் சின்ன நோட்டில். அதில் கையெழுத்து இல்லை, தேதி, பெயர், எத்தனை கட்டை, எவ்வளவு கூலி, அவ்வளவுதான். அதிகாரி வந்தால் பெரிய நோட்டு மேஜைக்கு வரும், சின்ன நோட்டு என் சாப்பாட்டுப் பைக்குள் போகும். இதைத் தவிர வீட்டில் வைத்து அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டிக் கொடுத்த பெண்கள் சுற்றுப்பட்டிகளில் இருந்தார்கள். அவர்கள் எந்த நோட்டிலும் இல்லை. 26 வருஷம் இந்த வேலையைச் செய்தவன் நான். முதலாளி சொன்னார், செய்தேன் என்று இப்போது சொன்னால் நன்றாக இருக்காது.

ஆகவே பஞ்சாலை நிதி மாதிரி 5 வருஷத் தொடர் வேலைக்கும் வைப்பு நிதிக்கும் பதிவு கேட்டால் எங்கள் ஆபீஸில் ஒருத்திகூடத் தேற மாட்டாள். ஈஎஸ்ஐ அட்டை கேட்டால் பெரிய நோட்டின் 19 பேர். அந்த 19 பேரிலும் யாருக்கும் 90 நாள் உதவி என்று ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கே தெரியாது, கணக்குப்பிள்ளைக்கே தெரியாது. மூடிய ஆபீஸின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

போனவர்கள் எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியும், ஏனென்றால் இன்னும் ரேஷன் கடையில் பார்க்கிறேன். சிலர் நூறு நாள் வேலை என்று நாம் சொல்கிற வேலைக்குப் போகிறார்கள். இளசுகளை நூல் மில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது. 14 பேர், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பட்டாசு ஆபீஸுக்குப் போனார்கள். கூலி அதிகம். தீப்பெட்டியில் மருந்து பிடித்தால் ஒரு கட்டை எரியும், ஒரு வாளி மணல் போதும். பட்டாசில் அப்படி இல்லை. 2012-ல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஒரே நாளில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அரசாங்கக் கணக்கில் அந்த 14 பேரும் வேலையில் இருக்கிறவர்கள். வேலை போய் வேறு வேலை கிடைத்தவர்கள் என்று வெற்றிக் கதையாகக்கூட எழுதலாம். காலையில் வேன் வருகிற சத்தம் கேட்டால் அவர்களில் ஒருத்தியின் மாமியார் வாசலுக்கு வந்து நிற்கிறார், சாயங்காலம் வேன் திரும்புகிற வரைக்கும் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சொல்கிறார்கள்.

50 வயது தாண்டியவர்களைத்தான் யாரும் எடுக்கவில்லை. ரேகை தேய்ந்த மதினி இப்போது ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். வாங்குவது பழைய கூலியில் பாதிகூட இல்லை. கணினிப் பயிற்சி, அழகுக்கலைப் பயிற்சி என்று ஒரு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்துவிட்டு, கொடுத்த பிஸ்கட்டைப் பேரனுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு வேண்டியது பயிற்சி இல்லை. பழைய கூலிக்கும் புதுக் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை இரண்டு வருஷத்துக்கு யாராவது கொடுத்தால் போதும். இதுவும் நான் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்கத் திட்டத்தில் 50 வயது தாண்டியவர்களுக்கு இப்படித்தான் கொடுத்தார்கள், இரண்டு வருஷத்தில் 10,000 டாலர் வரைக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். எங்கள் கோவில்பட்டி இருக்கிற அதே தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 8,000 ரூபாய் கொடுக்கிறது. கடலுக்குப் போகாதே என்று அரசு உத்தரவு போடுகிறது, அதனால் அடுப்பு எரியாது என்று அரசுக்குத் தெரிகிறது, கொடுக்கிறது. யாரும் பிச்சை என்று சொல்வதில்லை. அதே கடற்கரையில் துறைமுகம் இருக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு வரியில் உள்ளே வரலாம் என்பதும் அரசு உத்தரவுதான். கடலை மூடுகிற உத்தரவுக்கு நிவாரணம் உண்டென்றால் துறைமுகத்தைத் திறக்கிற உத்தரவுக்கும் இருக்க வேண்டும். உள்ளே வருகிற சரக்குக்கு வாங்குகிற சுங்க வரியில் ஒரு துளியைத் தனியாக எடுத்து வைத்தால் அதற்குப் போதும்.

இன்னொன்றும் நினைவுபடுத்துகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும். வேலையிலிருந்து எடுக்கிற குழந்தையின் வீட்டில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை தேடிக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. நடைமுறையில் எவ்வளவு நடந்தது என்பது தனிக் கதை. என் நோட்டிலிருந்து யாருடைய பெயர்கள் போயின, யாருக்குப் பணம் வந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் ஒரு கொள்கை அதில் இருந்தது. ஒரு வேலையை நாடு வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த வேலையில் இருந்த ஆளுக்கு நாடு ஏதோ ஒன்று கடன்பட்டிருக்கிறது. அந்தக் கொள்கை எங்கள் பக்கத்திலிருந்துதான் போனது.

தீப்பெட்டியோடு இது நிற்கப் போவதும் இல்லை. 2011 முதல் வங்கதேச ஆயத்த ஆடைகள் வரியில்லாமல் வருகின்றன. திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்னும் பல நாடுகளோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஒப்பந்தத்தில் பொருட்களின் பட்டியல் பல நூறு பக்கம் வருகிறதே, அதன் கூடவே இந்தப் பொருளைச் செய்கிற கைகள் எந்த வட்டத்தில் எத்தனை என்று ஒரு பக்கம் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழில் இருக்கட்டும். வேலை பார்த்த இடம், என்ன வேலை, எத்தனை வருஷம், எப்போது நின்றது. மூன்று பேர் கையெழுத்து, இல்லாவிட்டால் ரேகை. ரேகை விழாதவர்களுக்கு ஏதாவது வழி. கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தால் தொழிலாளர் துறை ஆள் ஒருவர் ஊருக்கு வந்து விசாரிக்கட்டும். வைப்பு நிதி எண்ணைக் கேட்காதீர்கள். வேன் டிரைவரைக் கேளுங்கள், யார் யாரை எந்த ஊரில் ஏற்றினேன் என்று வரிசை மாறாமல் சொல்வார். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று 2021-ல் ஆரம்பித்த இ-ஷ்ரம் பதிவில் எங்கள் பெண்கள் நிறையப் பேர் வரிசையில் நின்று அட்டை வாங்கினார்கள், தொழில் தீப்பெட்டி என்று சொல்லியே வாங்கினார்கள். அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பெயர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் சாட்சி வேண்டும் என்றால், அந்தச் சின்ன நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஆபீஸை மூடிய அன்று பெரிய நோட்டை முதலாளியிடம் ஒப்படைத்தேன். இதை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மொத்தம் 31 நோட்டு, அரிசிச் சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கிறது. சிலதில் கறையான் ஏறியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடியும். யார் எந்தத் தேதியில் எத்தனை கட்டை அடுக்கினாள் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. என்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ஆளை அனுப்பி அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் வந்தால் நல்லது, பரண் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை,
கோவில்பட்டி வட்டம்.